வெளிநாட்டு மச்சம்

பதினாறு வருடமாக நான் மச்சம் எழுதுகிறேன். ஜோசியம் இல்லை, அரசாங்க வேலை. பள்ளியை விட்டுப் போகிற பிள்ளையின் மாற்றுச் சான்றிதழில் பெயர், பிறந்த தேதி எல்லாம் எழுதிய பிறகு ‘அங்க அடையாளங்கள்’ என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியை நிரப்புவது வகுப்பாசிரியரின் வேலை. விக்கிரமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் அதை ஆபீசுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆபீஸ் என்றால் கிளார்க்காகிய நானும் ஓர் அட்டெண்டரும்தான். தள்ளிவிட்டதை நான் ஆசையாகப் பிடித்துக்கொண்டேன்.

மற்ற பள்ளிகளில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். ‘கையில் ஒரு மச்சம்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். எந்தக் கை, கையில் எங்கே என்று யார் கேட்பது? எனக்கு அப்படி எழுத வராது. பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்துப் பார்த்து, ‘இடது முழங்கைக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி, உட்புறத்தில், மிளகு அளவில் ஒரு கறுப்பு மச்சம்’ என்று எழுதினால்தான் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கும். பேனாவால் மச்சம் வைத்துக்கொண்டு வரும் பயல்கள் உண்டு. ஈரத் துணியால் ஒரு தேய்ப்பு, குட்டு வெளிப்பட்டுவிடும். மருவை நான் மச்சத்தோடு சேர்ப்பதில்லை. மரு சொரசொரவென்று துருத்திக்கொண்டிருக்கும். இந்த மாதம் ஒன்று இருந்தால் அடுத்த மாதம் மூன்று இருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உதிர்ந்தும் போகும். அதை நம்பிச் சான்றிதழ் எழுத முடியாது. உதிரட்டும் என்று மருவில் குதிரை முடியைக் கட்டிச் சீழ் பிடித்து வந்த ஒருவனை நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கிறேன்.

பிள்ளைகள் எனக்கு ‘மச்ச மேடம்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். காதில் விழுந்தால் முறைப்பேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும். பழைய மாணவர்கள் வழியில் பார்த்தால், “மேடம், நீங்க எழுதுன மச்சத்த பாத்துட்டு போலீஸ் வெரிஃபிகேஷன்ல ஏட்டய்யா அசந்துட்டாரு” என்பார்கள். அன்றைக்கு எனக்குப் பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் கால் வலிக்காது.

இந்தத் தலைக்கனம்தான் என்னை ஒரு பெரிய தப்பில் கொண்டுபோய் விட்டது. பெருமையைச் சொல்ல வந்தவள் தப்பையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீடு ஆண்டிமடத்தில். அம்மா, நான், தம்பி. அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்து பணியிலேயே இறந்துபோனார். கருணை அடிப்படையில் எனக்கு இந்த வேலை வந்தது. தம்பி என்னைவிட ஒன்பது வயது சின்னவன், எலக்ட்ரீஷியன். இரண்டரை வருடத்துக்கு முன்பு அவனுக்கு வளைகுடா போக விசா வந்தது. வந்த மறுநாள் காலை வாசற்படியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தவன், பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, இங்க பாரு. இது என்னது?”

இடது உள்ளங்காலில், கட்டை விரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில், எள் அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. தோளில் பை, கையில் குடை, தெரு முனையில் பஸ் ஹாரன். குனியக்கூட இல்லை நான்.

“மச்சம்டா. உள்ளங்கால்ல மச்சம் இருந்தா கடல் தாண்டிப் போவாங்க. ஒனக்கு விசா சும்மா ஒண்ணும் வரல” என்றேன்.

அவ்வளவுதான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். “எம் பொண்ணே பாத்துச் சொல்லிட்டா. பொறந்ததிலேருந்து இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல.” பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து காலைத் தூக்கிப் பார்த்தார்கள். விசாவுக்குக் காத்திருந்த இரண்டு பையன்கள் தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தொங்கிய முகத்தோடு போனார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ‘வெளிநாட்டு மச்சம்’ என்று பேரே வந்துவிட்டது. அவன் விமானம் ஏறினான். எனக்கும் பெருமையாக இருந்தது.

போன வருடம் பிள்ளைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தது. அதில் ஒரு லேடி டாக்டர், இளவயது. பரிசோதனை முடிந்து என் மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அட்டெண்டர் சட்டைக் காலரை இறக்கிக்கொண்டு போய் நின்றார்.

“டாக்டரம்மா, பிடரியில இத கொஞ்சம் பாருங்க. பத்து வருஷமா இருக்கு. மேடம் கொழுப்புக் கட்டிங்கறாங்க. எம் பொண்டாட்டி கேன்சருங்கறா.”

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். “மேடம் சொன்னதுதான் சரி. மெத்துன்னு இருக்கு, தொட்டா உள்ளுக்குள்ள உருளுது, வலி இல்ல. இது கொழுப்புக் கட்டி, அப்படியே விட்டுடலாம். ஆனா திடீர்னு பெருசாச்சுன்னாலோ, கெட்டியாகி நகராம நின்னுச்சுன்னாலோ ஒடனே வந்து காட்டணும்.”

நான் நாற்காலியில் இரண்டு அங்குலம் உயர்ந்தேன். டாக்டரே என் கட்சி. விடுவேனா? எனக்குத் தெரிந்த கட்டி, மரு எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்தேன், பழைய சுற்றறிக்கை ஒன்றின் பின்பக்கத்தில் பதிலை எழுதிக்கொண்டேன். நடுவில் கறுப்புப் புள்ளி போல வாய் இருக்கும் கட்டியைப் பற்றிக் கேட்டேன். அது தோலுக்கடியில் பை போல இருப்பது, பிதுக்கினால் சீழ் வைக்கும், கை வைக்கக் கூடாது என்றார். கழுத்தில் தொங்கும் மருவால் ஒன்றும் ஆகாது என்றார்.

“மச்சம்?” என்றேன், என் பாடம் வந்துவிட்ட மிடுக்கில்.

“முக்காவாசி மச்சம் சாதுதாங்க. சின்ன வயசுலேருந்து ஒரே மாதிரி இருந்தா பயமே வேணாம். வளந்து ஆளான பொறகு புதுசா வர்றதத்தான் பாக்கணும். ஓரம் கோணல்மாணலா இருக்கா, ஒரே மச்சத்துல ரெண்டு மூணு நெறம் இருக்கா, பென்சில் பின்னாடி ரப்பர் இருக்குல்ல, அத விடப் பெருசா போவுதா, அரிக்குதா, ரத்தம் கசியுதா. ஒரு மாசமா ஆறாத புண்ணு இருக்கா. இதுல ஒண்ணு இருந்தாலும் காட்டிடணும்.” டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தார். “நம்ம ஜனங்க மூஞ்சியில இருக்கறத மட்டும் கண்ணாடியில பாத்துட்டுக் கெடப்பாங்க. கெட்ட மச்சம் நம்ம நெறத்துக்காரங்களுக்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியிலதான் அதிகமா வரும். அங்க யாரும் பாக்கறதே இல்ல.”

‘உள்ளங்கால்’ என்று எழுதிக்கொண்டிருந்த பேனா பாதியில் நின்றது.

தம்பி பத்தாவது படித்தபோது நடந்தது ஒன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தாடையில் ஒரே ஒரு மச்சம். இன்னொன்று கண்டுபிடித்துக்கொண்டு வா என்று அவன் வகுப்பாசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது, புது உற்சாகம். அவனை டவுசரோடு முற்றத்தில் நிறுத்தி, டார்ச் அடித்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அங்குலம் அங்குலமாகத் தேடினேன். கூச்சம் தாங்காமல் அவன் சிரித்து உருண்டான். இரண்டு உள்ளங்காலையும் மடியில் வைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு இல்லை. கடைசியில் முழங்காலில் முந்திரிக்கொம்பு கிழித்திருந்த தழும்பை எழுதிக் கொடுத்து அனுப்பினோம்.

அந்தக் காலைப் பார்த்த நானேதான், பதின்மூன்று வருடம் கழித்துக் குனிந்துகூடப் பார்க்காமல் மச்சம் என்று தீர்ப்புச் சொன்னவள். பிறந்ததிலிருந்து இருந்திருக்கிறது என்று அம்மா ஊருக்கெல்லாம் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவள். டாக்டர் கிளம்பும்போது நன்றி சொன்னேனா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலமே தம்பிக்கு போன் போட்டு உள்ளங்காலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சிரித்தான். “எதுக்குக்கா, மாலை போட்டு மாட்டவா?” நான் விடாமல் நச்சரித்ததும் ஒரு போட்டோ வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். வலது கால். என்னைச் சீண்டுவதற்கென்றே எடுத்தது. மூன்று வாரத்தில் லீவுக்கு வருகிறேன், வந்து காட்டுகிறேன் என்றான். அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு மண்ணாக இறங்கியது.

அவன் வந்த அன்று மதியம் அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். ஆரத்தி முடிந்து பொட்டு வைப்பதற்குள் நான், “செருப்பக் கழட்டு” என்றேன்.

“வூட்டுக்குள்ள வர விடுக்கா.”

“கழட்டுடா.”

இடது காலில் காலாணி பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். சேஃப்டி ஷூ கடித்துக் காலாணி வந்துவிட்டதாம். பிளாஸ்திரியைப் பிரித்தேன். என்னுடைய எள்ளைக் காணோம். அந்த இடத்தில் என் சுண்டுவிரல் நகத்தை விடப் பெரிதாக ஒரு கறை படர்ந்திருந்தது. ஒரு பக்கம் மைக்கறுப்பு, ஒரு பக்கம் பழுப்பு, ஓரம் முழுக்கச் சிந்திய டீ மாதிரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. நடுவில் காய்ந்த ரத்தம். பிளேடால் சீவியிருக்கிறான். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்தேன். பதினோரு மில்லிமீட்டர்.

“நாளைக்கே பெரம்பலூர் போறோம். தோல் டாக்டர்கிட்ட காட்டணும்” என்றேன்.

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். “ஏண்டி, வந்ததும் வராததுமா புள்ளையப் போட்டுப் படுத்துற? நீதானடி சொன்ன, அது வெளிநாட்டு மச்சம்னு. யோகம் வளருது, அதோட அதுவும் வளருது. அதுல போயி கத்திய வெக்கச் சொல்றியா?”

தம்பிக்கு யோகத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அவனுக்கு வேறு பயம். “அக்கா, ஆஸ்பத்திரியில பேரு ஏறிடுச்சுன்னா அங்க மெடிக்கல்ல அன்ஃபிட்னு போட்டுடுவானுங்க. எனக்கு வலி கூட இல்ல. இன்னும் ஒரு வருஷம் போவட்டும், அடுத்த லீவுல காட்டிக்கலாம்.”

பத்து நாள் கெஞ்சினேன். காலையில் கெஞ்சினால் நண்பன் வீட்டுக் கல்யாணம் என்பான், சாயங்காலம் கெஞ்சினால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அம்மா செட்டிகுளம் மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டாள், என் வாய் அடங்க வேண்டும் என்று நேர்ந்தாளோ என்னவோ. அவன் திரும்பிப் போக மூன்று வாரம்தான் இருந்தது. அந்தக் கறுப்பு இன்னொரு வருடம் ஷூவுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரிந்துகொள்ள விருப்பம் இல்லை.

பதினோராம் நாள் காலை அவனுடைய பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். சான்றிதழ்கள் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மதியம் அவனுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் பைக் சத்தம் கேட்டது. ஆண்டிமடத்திலிருந்து அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான் என்று இன்றைக்கும் புரியவில்லை.

ஆபீஸ் வாசலிலேயே கத்தினான். “பாஸ்போர்ட்ட எடு. அது எம் பேர்ல இருக்கு. நீ யாரு பூட்டி வெக்க? போலீசுக்குப் போவேன் பாத்துக்க.”

“போ. அவங்ககிட்டயும் காலத் தூக்கிக் காட்டு.”

“எம் பொழப்புல மண்ணப் போடறக்கா நீ.”

வகுப்பறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. அட்டெண்டர் எழுந்து கதவைச் சாத்தினார். எனக்கு வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் வாய் நீளும், குரல் ஏறும். அன்று ஏறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

“நான் சொன்னது தப்புடா” என்றேன். “அன்னிக்கு பஸ்ஸுக்கு ஓடுன அவசரத்துல குனிஞ்சு கூடப் பாக்காம சொன்னேன். அது மச்சம் இல்ல. பத்தாவது படிக்கும்போது ஒன் கால ரெண்டையும் மடியில வெச்சு டார்ச் அடிச்சுப் பாத்தவ நான். அப்ப அங்க ஒண்ணுமே இல்ல. ஊரு பூரா எம் பேச்ச நம்பி ஒங் காலப் பாத்துட்டுப் போச்சு. நான் தப்பு பண்ணிட்டேன். எந் தப்புக்கு நீ கால குடுத்துடாத.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் இறங்கி அந்த இடத்தில் பயம் ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன்.

“தப்புன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லியே அக்கா” என்றான் மெதுவாக. “அப்ப நெசமாவே ஏதோ இருக்கு.”

என்னுடைய பதினாறு வருடக் கெட்டிக்காரத்தனம் சாதிக்காததை ஒரு மன்னிப்பு சாதித்தது. மறுநாள் பெரம்பலூருக்கு பஸ் ஏறினோம்.

தோல் டாக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். காலைப் பார்த்துவிட்டு, “எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்டார். தம்பி, “பொறந்ததிலேருந்து...” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான். நான் இடையில் புகுந்தேன். இடது உள்ளங்கால், கட்டை விரல் மேடு. பதினைந்து வயதில் இல்லை, நானே பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்பு எள் அளவு, ஒரே நிறம். பன்னிரண்டு நாளுக்கு முன்பு நீளம் பதினோரு மில்லிமீட்டர், அகலம் ஏழு, இரண்டு நிறம், ஓரம் சீராக இல்லை, பிளேடு பட்டு ரத்தம் வந்திருக்கிறது.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “நீங்க நர்ஸாம்மா?”

“இல்லிங்க சார். ஸ்கூல் கிளார்க்.”

“இந்த அளவுக்கு யாரும் வந்து சொன்னதில்ல” என்றார். அந்த நிலைமையிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அவர் ஒளி வைத்த ஒரு கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். அங்கேயே சின்னதாகக் கிள்ளிச் சதை எடுப்பதைவிடத் திருச்சியில் முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் நல்லது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தள்ளிப்போடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். அதிகம் பேசாதவர் இரண்டு தடவை சொன்னது தம்பிக்கு உறைத்தது. திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கால எடுத்துடுவாங்களாக்கா?” என்று கேட்டான். கம்பத்தில் ஏறிப் பிழைக்கிறவன் அவன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அரியலூர் வரும்வரை விடவில்லை.

திருச்சியில் எடுத்தார்கள். பத்து நாளில் ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அம்மா ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சர்ஜன் பொறுமையாகச் சொன்னார். மிகவும் மெல்லிசாக, மேல் தோலோடு நிற்கிறது, ஆழமாக இறங்கவில்லை. சுற்றிலும் இன்னும் கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவோம், கால் இருக்கும், நடப்பான், ஏறுவான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், அதில் மட்டும் ஏமாற்றக் கூடாது. “நல்லவேளை, இப்ப கொண்டாந்தீங்க” என்றார். அம்மா தரையிலிருந்தபடியே என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அது போதும்.

கால் பிழைத்தது, ஆள் பிழைத்தான். வெளிநாடு பிழைக்கவில்லை. ஒட்டிய தோல் ஆறுவதற்குள் விசா முடிந்துபோனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருச்சியில் நிற்க வேண்டியவன் கடல் தாண்டி எங்கே போவது? அரியலூர் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தான். தெருவில், “மச்சத்த வெட்டுனாங்க, யோகமும் போச்சு பாத்தியா” என்று பேசினார்கள். யாரோ சொன்னால் சொல்லிவிட்டுப் போகிறார்கள். தம்பி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டதுதான் எனக்கு வலித்தது. கேட்டால் பதில் சொல்வான். தானாக ஒரு வார்த்தை வராது. பாஸ்போர்ட்டை அவன் கையில் கொடுத்தபோது வாங்கி, பிரித்துக்கூடப் பார்க்காமல் அலமாரியில் போட்டான். உயிரைக் காப்பாற்றியதற்கு நன்றி எதிர்பார்க்கிறவள் இல்லை நான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எதிர்பார்த்தேன். எட்டு மாதம் எதிர்பார்த்தேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. தம்பிக்கும் அன்று ஷிப்டு இல்லை. நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் கூடத்தில் உட்கார்ந்து வளைகுடாவில் தன்னோடு ஒரே அறையில் இருந்தவர்களோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். அங்கே வெள்ளி லீவு, எல்லோரும் அறையில் இருப்பார்கள். வழக்கமான சிரிப்பும் கிண்டலும்தான் கேட்டது. திடீரென்று அவன் குரல் உயர்ந்தது.

“சிரிக்காதீங்கடா. எல்லாரும் கட்டில்ல ஏறி உக்காந்து கால நீட்டுங்க. சாக்ஸக் கழட்டு. உள்ளங்கால், உள்ளங்கால். லைட்டப் போடு.” பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றான். “அக்கா, கையக் கழுவிட்டு வா. இவனுங்க கால கொஞ்சம் பாரு.”

மீன் வாசனைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தேன். போனை என் கையில் கொடுத்தான். இரண்டடுக்குக் கட்டில்களில் வரிசையாகப் பாதங்கள். வெடிப்பு விழுந்தவை, காய்ப்பேறியவை, சிமெண்டு அரித்தவை. ஒவ்வொன்றாகக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன். ஒருவனுக்குக் காலாணி, உண்மையான காலாணிதான். அதைக்கூட அங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடச் சொன்னேன். இன்னொருவனுக்குக் குதிகாலில் கறை, ஈரத் துணியால் தேய்க்கச் சொன்னேன், அழிந்துபோனது. மூன்றாவதாக லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், தம்பியைவிடப் பெரியவர். கூச்சத்தோடு வலது காலைக் காட்டினார்.

“அஸ்ஸலாமு அலைக்கும் அக்கா. ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு மச்சம்.”

நடுப்பாதத்தில் ஒரு கறுப்பு. துணியால் தேய்த்தார், போகவில்லை. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். ஒரு வருடம் இருக்கும் என்றார். வளர்கிறதா என்றேன். அவர் காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

“எனக்கு இங்கேருந்து பாத்து எதுவும் சொல்ல முடியாது, பாய். ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா பெரிய வயசுல புதுசா வந்து வளருதுன்னா டாக்டர் பாத்துதான் சொல்லணும். இந்த வாரமே காட்டுங்க” என்றேன்.

“இன்ஷா அல்லாஹ், லீவுல ஊருக்கு வரும்போது காட்டிக்கறேன் அக்கா. இங்க காட்டுனா மெடிக்கல்ல...”

தம்பி போனை என் கையிலிருந்து பிடுங்கினான். தன் இடது காலைத் தூக்கி, ஒட்டுப் போட்ட அந்தத் தோலைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தான்.

“பாய், இதப் பாருங்க. நானும் இதேதான் சொன்னேன், அடுத்த லீவுல காட்டிக்கலாம்னு. எங்கக்கா விடல. வேல போச்சு, நான் இருக்கேன். எங்கம்மாவுக்குப் புள்ள இருக்கு. எங்கக்கா காட்டுன்னா காட்டணும். அவ்ளோதான்.”

அந்த மனிதர் தலையாட்டினார். நாளைக்கே போகிறேன் என்றார். யாராவது கூடப் போங்கடா என்று தம்பி அதட்டினான், இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

எனக்குக் கண் நிறைந்து திரை மங்கலாகிவிட்டது. அவன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, தரையில் என் பக்கத்தில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்தான். போனை மறுபடி என் கையில் வைத்தான்.

“இன்னும் அஞ்சு பேர் இருக்கானுங்கக்கா” என்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“அடுத்த ஆளக் காட்டச் சொல்லு” என்றேன்.